எதிர்க்கருத்தைக் கேட்கப் போகிறவர்களுக்கு: ஒரு சீமைக்கருவேலக் கட்டுரையின் வழியாக

சொந்தக் கருத்துக்கு நேர் எதிராகப் பேசுகிற ஒருவர் முன்னால் உட்கார்ந்து, குறுக்கே விழாமல் ஒரு மணி நேரம் கேட்பது உடம்பையே வருத்துகிற வேலை. இதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. மாற்றுக் கருத்தையும் மதிக்க வேண்டும் என்று எல்லா மேடையிலும் சொல்வார்கள். ஆனால் யாரிடம் போய்க் கேட்பது, கட்டுரை எழுதுவதற்கு முன்பா பின்பா, கேட்டதை எப்படிக் குறித்துக்கொள்வது, கேட்டுக்கொண்டிருக்கும்போது உள்ளே ஏறுகிற கோபத்தை என்ன செய்வது, இதற்கெல்லாம் எவ்வளவு நேரமும் பணமும் போகும் என்று சொல்லித்தர ஆள் கிடையாது. ஒவ்வொருவரும் தனியாகத்தான் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அடுத்து எழுத வருகிறவருக்கு அந்தத் தடுமாற்றம் கொஞ்சம் குறையட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வெறும் அறிவுரையாகச் சொன்னால் கையில் எதுவும் நிற்காது. அதனால் ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, கட்டுரை மனதில் உதிப்பதில் தொடங்கி அச்சுக்குப் போன பிறகு வரும் கடிதங்கள் வரைக்கும் வரிசையாகச் சொல்கிறேன். பொருள், சீமைக்கருவேலம். தமிழ்நாட்டில் இதைப் பற்றிக் கருத்து இல்லாதவரைப் பார்ப்பது அரிது. வேலிக்காத்தான், வேலிக்கருவை, காட்டுக்கருவை என்று ஊருக்கொரு பெயர். அது நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது, காற்றின் ஈரப்பதத்தை இழுக்கிறது, ஆக்சிஜன் விடுவதில்லை, காயைத் தின்ற மாடு மலடாகிறது, காமராசர் காலத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து விதை தூவினார்கள் என்று ஒரு பட்டியலே சுற்றிக்கொண்டிருக்கிறது. 2017 தொடக்கத்தில், உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவைத் தொடர்ந்து, தென் மாவட்டங்களில் இந்த மரத்தை அகற்றும் வேலை மும்முரமாக நடந்தது. அதே ஆண்டிலேயே அந்த வேலைக்கு உயர்நீதிமன்றத்தில் இடைக்காலத் தடையும் வந்தது. 2022இல் அந்நியத் தாவரங்களைக் கட்டுப்படுத்துவது குறித்து மாநில அரசு ஒரு கொள்கையையே வெளியிட்டது. இப்படி மக்கள் பேச்சு, நீதிமன்றம், அரசு மூன்றும் புகுந்த பொருளில் ‘அழித்தே ஆக வேண்டும்’ என்று ஒரு கட்டுரை எழுதுவது மிகச் சுலபம். கைதட்டலும் கிடைக்கும். அந்தச் சுலபம்தான் ஆபத்து.

முதல் வேலை, எழுத உட்காரும் முன், நாம் நம்புவதை ஒரு நோட்டில் வரிக்கு ஒன்றாகப் பிரித்து எழுதுவது. ஒரு வரியில் ஒரு கூற்றுதான் இருக்க வேண்டும். ‘சீமைக்கருவேலம் நீரை உறிஞ்சி விவசாயத்தை அழிக்கிறது’ என்று எழுதினால் அதில் இரண்டு கூற்றுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன: நீரை உறிஞ்சுகிறது என்பது ஒன்று, அதனால்தான் விவசாயம் அழிகிறது என்பது இன்னொன்று. பிரித்து எழுதினால் ஒரு சாதாரணக் கட்டுரையிலேயே பத்துப் பன்னிரண்டு வரி வந்துவிடும். ஒவ்வொரு வரிக்கும் எதிரே, ‘இதை மறுக்கக்கூடியவர் யார், எதனால் மறுப்பார்?’ என்று ஒரு இடம் விட்டு வையுங்கள். அந்த இடம் காலியாகக் கிடக்கும் வரிகள்தான் நாம் யோசிக்காமலே நம்பிக்கொண்டிருக்கும் வரிகள். மனதுக்குள் செய்து பார்த்துவிட்டு எழுந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். கையால் எழுதினால் மட்டுமே அந்தக் காலியிடம் கண்ணில் படும்.

எதிர்க்கருத்தைத் தேடிப் போவது முதல் வரைவுக்கு முன்னால் நடக்க வேண்டும். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். வரைவு எழுதி முடித்துவிட்டால் மனது அதற்குக் காவல் நிற்க ஆரம்பித்துவிடும். அதற்குப் பிறகு யாரைக் கேட்டாலும், கட்டுரையை எப்படிக் காப்பாற்றலாம் என்றே காது தேடும். கணக்கும் அதையே சொல்கிறது. வரைவுக்கு முன்னால் ஒரு நாள் பயணமும் நாலைந்து தொலைபேசிப் பேச்சும் போதும். வரைவு முடிந்த பிறகு ஒரு அடிப்படைக் கூற்று விழுந்தால், அதன் மேல் கட்டிய பத்திகள் எல்லாவற்றையும் பிரித்து மறுபடி கட்ட வேண்டும். ஒரு வாரம் போய்விடும். சிறு வெளியீடாக அச்சடித்த பிறகு விழுந்தால் திருத்தச் சீட்டு ஒட்டுவதா, மொத்தத்தையும் மறுபடி அடிப்பதா என்று அச்சகத்தில் நிற்க வேண்டியதுதான். அந்தக் காசு யாரும் திருப்பித் தருகிற காசு அல்ல.

அடுத்து, யாரைக் கேட்பது. இங்கேதான் பலரும் தங்களை அறியாமல் சறுக்குவார்கள். மனது எப்போதும் எதிர்த்தரப்பில் பலவீனமான ஆளையே தேடும். வாட்ஸ்அப்பில் ‘சீமைக்கருவேலம் கடவுள் கொடுத்த மரம்’ என்று யாரோ அனுப்பிய செய்தியை எடுத்து வைத்துக்கொண்டு அதைக் கிழித்தால் எதிர்க்கருத்தைக் கேட்டதாக ஆகாது. குறைந்தது மூன்று பேர் வேண்டும், மூன்று வகையாக. அந்த மரத்தால் அடுப்பெரிகிறவர் ஒருவர். அதைப் படிப்பாகப் படித்தவர் ஒருவர், அதாவது தாவரவியல் ஆசிரியரோ வேளாண் கல்லூரிக்காரரோ வனத்துறையில் இருந்தவரோ. மூன்றாமவர், நம் நோக்கத்தோடு ஒத்துப்போய், வழிமுறையை மட்டும் எதிர்ப்பவர். இந்த மூன்றாமவரைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், ஆனால் கட்டுரைக்கு அதிகம் கொடுப்பவர் அவர்தான். கண்மாய்ப் பாசனத்து விவசாயி ஒருவரைப் பிடியுங்கள். மரம் போகட்டும் என்பதில் அவருக்கு நம்மைவிட உறுதி இருக்கும். ஆனால் ஏலம் எடுத்தவர் அடிமரத்தோடு வெட்டிக்கொண்டு போய்விட்டார், தூர் அப்படியே கிடந்தது, அடுத்த மழைக்கு ஒன்றுக்கு நாலாகத் துளிர்த்துவிட்டது என்று அவர் சொல்லும்போது ‘வெட்டுங்கள்’ என்கிற நம் அறைகூவலின் ஓட்டை நமக்கே தெரியும்.

நீதிமன்றம் வரை போன பொருள் என்றால் இன்னொரு வசதி இருக்கிறது. மனு, பதில் மனு, உத்தரவு மூன்றையும் தேடிப் படியுங்கள். எதிர்த்தரப்பின் மிக வலுவான வடிவம் அங்கேதான் இருக்கும், ஏனென்றால் அதை வலுவாக எழுதுவதற்கென்றே வழக்கறிஞர் உட்கார்ந்திருக்கிறார். செய்தித்தாளில் வருவது அதன் சக்கை மட்டும்தான்.

இனி, நேரில் போவது. சீமைக்கருவேலத்தால் பிழைக்கிறவர்களைப் பார்க்க வேண்டுமென்றால் ராமநாதபுரம் மாவட்டத்தில் கமுதி, முதுகுளத்தூர், சாயல்குடிப் பக்கம் கரிமூட்டம் போடுகிற இடத்துக்குப் போக வேண்டும். அலுவலகத்துக்கு வரச்சொல்வது, டீக்கடையில் சந்திப்போம் என்பது எல்லாம் வேண்டாம். அவருடைய அன்றைய கூலி போய்விடும், பேச்சும் சம்பிரதாயமாகிவிடும். வேலை நடக்கிற இடத்தில், வேலைக்கு இடைஞ்சல் இல்லாமல் நின்று கேளுங்கள். வெட்டிய கட்டைகளை நெருக்கமாக அடுக்கி, மேலே செத்தையும் வைக்கோலும் பரப்பி, அதன்மேல் மண்ணைக் குழைத்துப் பூசி, உள்ளே நெருப்பு வைத்து வாயை மூடிவிடுவார்கள். காற்று அளவோடு போக வேண்டும். எங்காவது வெடிப்பு விட்டுக் காற்று கூடுதலாகப் புகுந்தால் கட்டை கரியாகாமல் சாம்பலாகிவிடும். அத்தனை நாள் உழைப்பும் போச்சு. அதனால் இரவிலும் எழுந்து வந்து பார்த்து, வெடித்த இடத்தில் மண் அப்ப வேண்டும். முதலில் வெள்ளைப் புகை திரளாக வரும், நாள் போகப் போக அது மெலிந்து நீலமாகும். புகையின் நிறத்தைப் பார்த்துத்தான் வெந்துவிட்டதா என்று சொல்வார்கள். பிறகு ஆறவிட்டு, பிரித்து, சலித்து, மூட்டை கட்ட வேண்டும். இதை நின்று பார்த்தவர் ‘எந்தப் பயனும் இல்லாத மரம்’ என்ற தொடரை அதன் பிறகு எழுத மாட்டார். இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒருவருடைய கருத்து அவருடைய வேலையின் உள்ளேதான் இருக்கும். வேலையைப் பார்க்காமல் கருத்தை மட்டும் கேட்டால் அது வெறும் பிடிவாதமாகத்தான் நம் காதில் விழும்.

கேள்வியை எப்படிப் போடுகிறோம் என்பதில் பாதி வேலை இருக்கிறது. ‘இந்த மரத்தால் நிலத்தடி நீர் போகிறதே, உங்களுக்குக் கவலையில்லையா அக்கா?’ என்று கேட்டால் அது கேள்வியே அல்ல, குற்றச்சாட்டு. அவர் தற்காப்புக்குப் போய்விடுவார். ‘இந்த மரம் இல்லாத காலத்துல என்ன வேலை பார்த்தீங்க?’, ‘போன வருசம் மழை இல்லாதப்ப எப்படிச் சமாளிச்சீங்க?’, ‘இதை மொத்தமா எடுத்துட்டா உங்க வீட்டுல முதல்ல என்ன மாறும்?’ இப்படிக் கேட்டால் பதில் வரும். அந்தப் பக்கத்தில் திரும்பத் திரும்ப வருகிற பதிலின் சாரம் இதுதான்: ‘மழை பேஞ்சா வெள்ளாமை, பேயலைன்னா கரி, தம்பி.’ முண்டு மிளகாயும் பருத்தியும் நெல்லும் வானம் பார்த்த பூமியில் நிற்கின்றன. மழை பொய்த்த ஆண்டில் கையில் காசு வருகிற வழி கரிதான். ‘எதைக் காட்டினால் உங்கள் கருத்தை மாற்றிக்கொள்வீர்கள்?’ என்றும் கடைசியில் கேட்டுவிடுங்கள். ‘வேற வேலை வருசம் பூரா குடுத்தா நானே முதல்ல வெட்டுவேன்’ என்கிற மாதிரி பதில் வந்தால், அவர் மரத்துக்காக வாதாடவில்லை, வருமானத்துக்காக வாதாடுகிறார் என்பது புரியும். கட்டுரை போக வேண்டிய திசையே அதில் மாறிவிடும்.

கேட்கும்போது நமக்குள் நடப்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். எரிச்சல் வரும். அவர் சொல்கிற ஒரு தகவல் தப்பு என்று நமக்குத் தெரிந்தால் நாக்கு துடிக்கும். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்று தோன்றும் கணத்தில் அதைவிட மோசமான ஒரு பயம் வரும்: இத்தனை நாள் சேர்த்து வைத்த வாதமெல்லாம் வீண்தானா என்று. கோபத்துக்கு அடியில் பெரும்பாலும் இருப்பது அந்தப் பயம்தான். அடக்க முயலாதீர்கள், அடங்காது. நோட்டின் ஓரத்தில் ஒரு புள்ளி வையுங்கள், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து பார்க்கும்போது புள்ளி வைத்த இடங்களில்தான் நம் வாதம் பலவீனமாக இருந்திருக்கும். முதல் அரை மணி நேரம் மறுப்பே சொல்லக் கூடாது என்று ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்வது நல்லது. ‘ஆமா, ஆனா’ என்பதும் மறுப்புதான். தலையை ஆட்டிக்கொண்டே முகத்தைச் சுளிப்பதும் மறுப்புதான். குறிப்பு எடுக்கும்போது அவர் சொற்களை நம் சொற்களாக மாற்றாமல் எழுதுங்கள். அவர் ‘பொழப்பு’ என்று சொன்னதை ‘வாழ்வாதாரப் பிரச்சினை’ என்று எழுதிவிட்டால் நாலு நாள் கழித்து அதில் உயிர் இருக்காது. ஒலிப்பதிவு செய்வதானால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். பதிவு இருக்கிறதே என்று கையால் எழுதாமல் விட்டுவிடவும் வேண்டாம்; ஒரு மணி நேரப் பேச்சைத் திரும்பக் கேட்டு எழுத்தில் இறக்க நாலைந்து மணி நேரம் பிடிக்கும்.

கிளம்பும் முன் இன்னொரு வேலை பாக்கியிருக்கிறது. அவர் சொன்னதை நம் வாயால் அவரிடமே திருப்பிச் சொல்ல வேண்டும். ‘அக்கா, நான் சரியாப் புரிஞ்சுக்கிட்டேனான்னு பாருங்க’ என்று தொடங்கி, அவர் தரப்பை அவருக்காகப் பேசுவதுபோலவே சொல்லுங்கள். ‘ஆமா, அதான்’ என்று அவர் சொல்லும்வரை விடக் கூடாது. முதல் தடவையில் பெரும்பாலும் வராது. ‘அப்படி இல்ல தம்பி’ என்று ஒரு திருத்தம் வரும். அந்தத் திருத்தம்தான் சரக்கு. நாம் எதைக் கேட்காமலே கேட்டதாக நினைத்துக்கொண்டோம் என்பது அதில் தெரியும்.

இது வெளியிலிருந்து இறக்குமதியான முறை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். நூல் எழுதுகிறவன் கைக்கொள்ளும் எழுவகை மதங்களை (மதம் என்றால் இங்கே கொள்கை) நன்னூலில் பவணந்தியார் அடுக்கும்போது, உடன்படல், மறுத்தல் என்ற இரண்டுக்கும் அடுத்து, பிறர்தம் மதம் மேற்கொண்டு களைவு என்று வைக்கிறார். பிறருடைய கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு நின்று, அதன் பிறகு களைவது. ஏற்காமல் களைவதற்கு அவர் ‘மறுத்தல்’ என்று தனி இடம் கொடுத்துவிட்டார், இது வேறு. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாச்சாரியார் தம் சித்தாந்தத்தைச் சொல்லும் சுபக்கத்துக்கு முன்னால் பரபக்கத்தை வைத்தார். உலகாயதர் தொடங்கிப் பாஞ்சராத்திரி வரை 14 சமயத்தார் கொள்கைகள் அங்கே வருகின்றன. ஒவ்வொன்றிலும் அந்தச் சமயம் தன்னைச் சொல்லிக்கொள்ளும், அதற்குப் பிறகுதான் மறுதலை. எதிராளியின் வாதத்தை அவன் வீட்டுக்காரன்போலச் சொல்ல முடியாதவன் அதை மறுக்கவும் தகுதியில்லாதவன் என்ற கறார் அந்த அமைப்பிலேயே இருக்கிறது. இன்று தொலைக்காட்சி விவாதங்களைப் பார்த்து வளர்கிற பிள்ளைகளுக்கு இந்த மரபைப் பள்ளியிலேயே சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

வீட்டுக்கு வந்து, கேட்டதையெல்லாம் தரம் பிரிக்க வேண்டும். எதிர்க்கருத்து என்று வருவதெல்லாம் ஒரே வகை அல்ல. சரிபார்க்கக்கூடிய தகவல் ஒன்று. சொந்த அனுபவம் ஒன்று. இப்படி நடக்கும் என்கிற கணிப்பு ஒன்று. எது முக்கியம் என்கிற மதிப்பீடு ஒன்று. நாலுக்கும் நாலு விதமான பதில். தகவலைச் சரிபார்த்துவிடலாம். ஆஸ்திரேலியா கதையைப் படிப்பாளியிடம் சொன்னால் அந்த இடத்திலேயே மறுப்பார்: இந்த மரத்தின் தாயகம் மெக்சிகோவும் மத்திய, தென் அமெரிக்காவும், 1870களிலேயே ஆங்கிலேயர் காலத்தில் கடப்பைப் பகுதிக்கு விதை வந்துவிட்டது. ஆக்சிஜன் விடுவதில்லை என்பது பச்சை இலை உள்ள எந்த மரத்துக்கும் பொருந்தாது. காய் விஷயத்தில், அளவோடு மற்ற தீவனத்தோடு கலந்து கொடுத்தால் ஆடுமாட்டுக்கு அது நல்ல தீவனம். அதையே முழுத் தீவனமாகத் தின்றால் செரிமானக் கோளாறு வரும். மலட்டுக்கு ஆதாரம் கிடையாது. ஆக நம் பட்டியலில் மூன்று வரி இங்கேயே அடிபடும். வேர் மிக ஆழமாகப் போகும் என்பது நிற்கும். கண்மாயின் உள்வாயிலும் (நீர் தேங்கும் பரப்பிலும்) வரத்துக்காலிலும் (நீர் வரும் வாய்க்காலிலும்) அடர்ந்தால் நீர் வருவது தடைபடும், மற்ற செடிகளை வரவிடாது என்பவையும் நிற்கும்.

அனுபவத்தைச் சரிபார்க்க முடியாது, மறுக்கவும் கூடாது. அது எவ்வளவு பேருக்குப் பொருந்தும் என்று மட்டும் கேட்கலாம். மதிப்பீட்டுக்கு ஆதாரம் தேடி அலைவது வீண்வேலை. நீர்வரத்து முக்கியமா, பஞ்ச காலத்துக் கூலி முக்கியமா என்பதற்கு எந்த ஆய்வுக்கூடமும் பதில் தராது. அங்கே நாம் எந்தப் பக்கம் நிற்கிறோம், ஏன் நிற்கிறோம் என்று வெளிப்படையாக எழுதிவிடுவதுதான் நேர்மை. மதிப்பீட்டில் வருகிற சண்டையைத் தகவல் சண்டைபோல எழுதுவதுதான் நம் பத்திரிகைக் கட்டுரைகளின் பெரிய நோய் என்று நினைக்கிறேன்.

இதெல்லாம் எழுத்தில் என்ன செய்கிறது என்று காட்டாமல் விட்டால் நம்ப மாட்டீர்கள். எதிர்க்கருத்தைக் கேட்பதற்கு முன்னால் இந்தப் பொருளில் இயல்பாக வருகிற வாக்கியம் இப்படி இருக்கும்: ‘நிலத்தடி நீரை உறிஞ்சி, காற்றின் ஈரப்பதத்தையும் விழுங்கி, தென் தமிழகத்தைப் பாலைவனமாக்கிக்கொண்டிருக்கும் சீமைக்கருவேலத்தை அடியோடு அழித்தால்தான் விவசாயம் பிழைக்கும் என்பது மறுக்க முடியாத உண்மை.’ மூன்று தரப்பையும் கேட்ட பிறகு அதே ஆள் எழுதினால் இப்படி வரும்: ‘கண்மாயின் உள்வாயிலும் வரத்துக்காலிலும் நிற்கும் சீமைக்கருவேலத்தை முதலில் எடுக்க வேண்டும். மேலே வெட்டிவிட்டுப் போனால் மறு மழைக்குத் துளிர்த்துவிடும். தூரோடு பெயர்க்க வேண்டும், பெயர்த்த இடத்தைச் சும்மா போடாமல் நாட்டு மரம் வைக்க வேண்டும், மண்ணில் கிடக்கும் விதை முளைத்து வருவதைச் சில ஆண்டுகள் பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். பட்டா நிலத்தில் கரிக்காக விட்டு வெட்டும் மரத்தை இதே கணக்கில் சேர்க்கக் கூடாது. மழை பொய்த்த ஆண்டில் அந்த வீடுகளுக்கு வேறு வருமானம் என்ன என்று சொல்லிவிட்டுத்தான் அங்கே கைவைக்க வேண்டும்.’ இரண்டாவதில் சொற்கள் கூடியிருக்கின்றன, ஆனால் உறுதி குறையவில்லை, கூடியிருக்கிறது. எங்கே, எதை, எப்படி என்று வந்துவிட்டது. ‘மறுக்க முடியாத உண்மை’, ‘அனைவரும் அறிந்ததே’, ‘சொல்லவும் வேண்டுமோ’ போன்ற தொடர்கள் தானாகவே உதிர்ந்துவிடும். ஆதாரம் இல்லாத இடத்தை மூடுவதற்குத்தான் அவை பெரும்பாலும் வந்து நிற்கின்றன. உங்கள் வரைவில் அவற்றைத் தேடிப் பாருங்கள். இருக்கிற இடத்திலெல்லாம் கேட்கப்படாத ஒரு ஆள் இருப்பார்.

மூன்று தரப்பையும் கேட்டு எழுதிய அந்த இரண்டாவது வடிவத்தையும் எதிர்க்க ஆள் உண்டு. கண்மாய் விவசாயியிடம் வாசித்துக் காட்டுங்கள். ‘பட்டா நிலத்து மரத்துக் காயை ஆடு தின்னுட்டு வந்து கண்மாய்க்குள்ள புழுக்கை போடுதே, அதுல முளைக்கிறது யாரு கணக்கு?’ என்பார். நியாயமான கேள்வி. விதையின் தோல் கடினமானது, ஆட்டின் வயிற்றைத் தாண்டியும் முளைக்கும். அப்படியென்றால் பட்டா நிலத்தில் விட்டு வைக்கிறவர்கள் காய் பழுத்து உதிரும் முன் பறித்து, அரைத்துத் தீவனமாக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனையைச் சேர்க்க வேண்டியிருக்கும். அரைபட்ட விதை முளைக்காது. பார்த்தீர்களா, இரண்டாவது சுற்றில்தான் கட்டுரை செய்முறைக்குள் வருகிறது. முதல் சுற்றோடு நிறுத்திக்கொண்டால் நல்ல மனதுள்ள கட்டுரை கிடைக்கும், பயன்படுகிற கட்டுரை கிடைக்காது.

இதில் கெட்டுப்போகிற இடங்களும் உண்டு. எல்லாத் தரப்பையும் கேட்டுவிட்டோம் என்பதற்காக எல்லாவற்றுக்கும் சமமாக இடம் கொடுத்துவிடுவது ஒன்று. ஆக்சிஜன் விடாது என்பதற்கும் வேர் ஆழமாகப் போகிறது என்பதற்கும் ஆளுக்கொரு பத்தி கொடுத்துவிட்டு ‘வாசகர் முடிவுக்கே விடுகிறோம்’ என்று முடிப்பது நடுநிலை அல்ல, வேலையைத் தட்டிக்கழிப்பது. கடைசியாகக் கேட்டவர் பக்கம் சாய்ந்துவிடுவது இன்னொன்று. கரிமூட்டத்திலிருந்து திரும்புகிற பஸ்ஸில் மனது முழுவதும் அந்தப் பக்கம்தான் இருக்கும். அன்றிரவே எழுத உட்காரக் கூடாது, இரண்டு நாள் போகட்டும். பயம் தெளியாமல், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ‘ஒருவேளை’, ‘எனினும்’, ‘சிலர் கருத்துப்படி’ என்று முட்டுக் கொடுத்துக்கொண்டே போவது மூன்றாவது. சந்தேகம் உள்ள இடத்தில் மட்டும் சந்தேகத்தைச் சொல்லுங்கள், மற்ற இடத்தில் நேராகச் சொல்லுங்கள். இவை எல்லாவற்றையும்விட வருத்தம் தருவது, எதிர்த்தரப்பு மனிதரின் கஷ்டத்தை மட்டும் அலங்காரமாக எடுத்துக்கொண்டு அவருடைய வாதத்தை விட்டுவிடுவது. புகையில் கண் எரிய நிற்கும் பெண்ணைப் பற்றி உருக்கமாக நாலு வரி எழுதிவிட்டு, அவர் கேட்ட கேள்விக்குப் பதில் எழுதாமல் போவதை அவருக்குச் செய்யும் துரோகம் என்றே சொல்வேன்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். டார்வின் தம் வாழ்க்கைக் குறிப்பில் எழுதி வைத்திருப்பது: தம் முடிவுகளுக்கு எதிரான ஒரு தகவலோ எண்ணமோ எதிர்ப்பட்டால் தவறாமல், உடனே குறித்துவிடுவாராம், சாதகமானவற்றைவிட அவைதான் நினைவிலிருந்து சீக்கிரம் நழுவுகின்றன என்பது அவர் அனுபவம். 1859இல் வந்த ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலிலேயே தம் கோட்பாட்டின் இடர்ப்பாடுகளுக்கென்று ஓர் இயலை ஒதுக்கினார். வெளிவந்த பிறகு எழுந்த ஆட்சேபங்களுக்குப் பதிலாக 1872ஆம் ஆண்டின் ஆறாம் பதிப்பில் தனியாக இன்னோர் இயலைச் சேர்த்தார். ‘உடனே’ என்பதில்தான் சூட்சுமம். பஸ்ஸிலோ சாப்பாட்டுக்கு நடுவிலோ எதிரான தகவல் ஒன்று கிடைத்தால், ராத்திரி எழுதிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். ராத்திரிக்குள் மனது அதற்கு ஒரு சமாதானம் சொல்லி அனுப்பிவிட்டிருக்கும். செல்பேசியில் ‘எதிர்’ என்று ஒரு தனிக் குறிப்பைத் திறந்து வைத்து, தேதியோடு, யார் சொன்னது என்பதோடு போட்டுக்கொண்டே வாருங்கள்.

செலவைப் பற்றியும் மறைப்பதற்கில்லை. பத்திரிகையில் 1500 சொல் கட்டுரைக்குக் கிடைக்கிற சன்மானம், கிடைத்தால், பஸ் செலவுக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகப் போகும். பல சமயம் கைக்காசு போகும். ஊருக்குப் போகிற நாளில் இன்னொருவரையும் பார்க்கிற மாதிரி திட்டமிட்டால் ஒரு பயணம் மிச்சம். தாவரவியல்காரரிடம் தொலைபேசியே போதும், ஆனால் கேள்விகளை முந்தின நாளே எழுதி அனுப்பிவிடுங்கள். வேலையாக இருக்கிறவரை ‘பொதுவா இதைப் பத்தி என்ன நினைக்கிறீங்க?’ என்று கேட்டு நேரத்தை வீணாக்கக் கூடாது. நமக்குப் பதில் சொன்னதற்காகக் காசு கொடுப்பது சரியல்ல, அது பதிலை மாற்றிவிடும். ஆனால் வேலையை நிறுத்தி நமக்காக உட்கார்ந்தவருக்கு அந்த நேரத்துக் கூலி போகிறதென்றால் உடன் சேர்ந்து மூட்டையைப் பிடித்துக் கட்டுங்கள், தூக்கிவிடுங்கள். பேச்சும் அப்போதுதான் நன்றாக வரும்.

கட்டுரை வெளிவந்த பிறகு அதன் ஒரு பிரதியை, பேசிய மூன்று பேருக்கும் அனுப்புங்கள். படிக்கத் தெரியாதவர் என்றால் தொலைபேசியில் அவர் தரப்பு வருகிற பகுதியையாவது வாசித்துக் காட்டுங்கள். மறுப்புக் கடிதம் வந்தால் அன்றே பதில் எழுத வேண்டாம். முன்பு வரிக்கு ஒன்றாகக் கூற்றுகளை எழுதிய நோட்டை எடுத்து, வந்த மறுப்பு எந்த வரியின் மேல் விழுகிறது என்று பாருங்கள். எந்த வரியின் மேலும் விழாத மறுப்பு என்றால் அவர் நம் கட்டுரையை அல்ல, வேறு எதையோ படித்துக் கோபப்படுகிறார். நன்றி சொல்லி விட்டுவிடலாம். ஏதாவது ஒரு வரியின் மேல் நேராக விழுந்தால், அவருடைய முகவரியையோ எண்ணையோ வாங்கி அதே நோட்டில் அந்த வரிக்கு எதிரே குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த கட்டுரைக்கு முதலில் கூப்பிட வேண்டிய ஆள் அவர்தான்.